மாமா உட்கார்ந்த பக்கம்

என் மாமனார் என்னிடம் ஒருமுறைகூட எதையும் பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை. நான் அவருக்கு மருமகனாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமான புதிதில் நான் வாங்கிக் கொடுத்த சட்டை அவருக்கு இரண்டு சைஸ் பெரிது. கையை மடித்துவிட்டுக்கொண்டு மூன்று தீபாவளிக்கு அதையே போட்டார். நான் வைத்த மீன் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்த ஒரு நாளில் என் மனைவியே தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அவர் மட்டும் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது என்பது அவர் வளர்ந்த விதம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே என் பிக்கப் வண்டிக்கு எந்த ஷாக் அப்சர்பர் போடலாம் என்று அவரிடம் போய்க் கேட்டேன். இதை எழுத உட்காரும்போதே கூசுகிறது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஏர்கான் சர்வீஸ் செய்பவன். ஏணி, கேஸ் சிலிண்டர், பம்ப், பழைய கம்ப்ரஸர் எல்லாம் ஏற்றிக்கொண்டு பெரிய தீவு என்றுகூடச் சொல்ல முடியாத இந்த ஊரைத் தினமும் சுற்றுகிறவன். அதற்கு ஒரு சாதாரண வேன் போதும். பத்து வருடம் வேன்தான் ஓட்டினேன். லாரிகளின் டயர் மட்டத்தில் உட்கார்ந்து புகையைக் குடித்துக் குடித்து, என்றாவது ஒருநாள் உயரத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்று ஒரு வெறி. அந்த வெறியில்தான் நான்கு கதவு வைத்த பிக்கப் ஒன்றை வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் முறைப்படி அனுமதி எல்லாம் எடுத்து அதை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். இரண்டு அங்குலம் என்பது ஒரு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரின் கூரை எனக்குத் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நான்கு பேர் நண்பர்களானார்கள். பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சேற்றுப் பாதையில் வண்டியை விட்டு, மாட்டிக்கொண்டு, இழுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவோம். கேட்பவர்களிடம் எல்லாம் அடிக்கடி போவோம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் மூன்று வருடத்தில் நான்கு முறை போயிருக்கிறேன். அதில் ஒருமுறை மழை என்று பாதியில் திரும்பிவிட்டோம்.

மாமா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி போன பிறகு, பிடோக்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் வீட்டில், அதாவது மாப்பிள்ளை வீட்டில் தங்குவது அவருக்குச் சங்கடம்தான். வந்த முதல் வாரம் குளியலறைக்குப் போகக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய், செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதை மட்டும் தீவின் வடகோடியில், பழைய செம்பவாங் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அங்கே உள்ள தாதியர் பழகிவிட்டார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் பட்டறையில் கூட வேலை செய்தவர் என்று காரணம் சொன்னார்.

ஆரம்பத்தில் டாக்ஸியில்தான் போய் வந்தார். நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்தபின் மனிதர் துவண்டு போயிருப்பார். "டாக்ஸில ஏறுனதும் தூங்கிடுறாரு. டிரைவர்தான் தட்டி எழுப்புறாராம்" என்று என் மனைவி கவலைப்படுவாள்.

சிராங்கூன் ரோடு கோயிலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு வந்தது. சுற்றி மனைவியின் சித்தப்பாக்கள், அத்தைகள் எல்லாரும் இருந்தார்கள். "டாக்ஸி எதுக்கு? நான் இருக்கேன்ல, இனிமே நானே கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "மாப்பிள்ளை இல்லப்பா, மகன்" என்றார் ஒரு சித்தப்பா. எனக்கு அப்போது பாயசம் இன்னும் இனித்தது. மாமா இலையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்?" என்று மெதுவாகச் சொன்னார். அதை அவருடைய தன்மை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் அவரைச் செம்பவாங்கில் இறக்கிவிட்டு, ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் வேலைகளை வைத்துக்கொண்டு, மதியம் போய் அழைத்து வருவேன். ஏறுவதற்குப் படி வைத்திருந்தேன். அவர் வலது காலைத் தூக்கிப் படியில் வைக்க, நான் முதுகில் கை கொடுத்துத் தள்ளி ஏற்றுவேன். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, இடப்பக்கம், அவருடைய இடமாகிவிட்டது.

வண்டியில் அவர் தூங்கவே மாட்டார். கதவோரம் திரும்பி, முன்னால் சற்றுச் சாய்ந்து, முன்கண்ணாடித் தூணில் இருக்கும் கைப்பிடியில் வலது கையை வைத்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டே வருவார். "உயரத்துலேருந்து பார்த்தா நல்லா இருக்குல்ல மாமா?" என்று கேட்பேன். "ஆமா மாப்பிள்ளை" என்பார். நண்பர்களிடமும் சொந்தங்களிடமும் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்: "டாக்ஸில தூங்கி விழுந்த மனுஷன் லா, நம்ம வண்டியில வேடிக்கை பார்த்துக்கிட்டே வர்றாரு."

ஆறேழு மாதம் போனது. வண்டி கார் பார்க்கில் ஒரு ஹம்ப், அதாவது வேகத்தடை, ஏறி இறங்கினால் அதன்பிறகும் இரண்டு மூன்று தடவை குதிக்க ஆரம்பித்தது. பின்பக்க ஷாக்கைக் குனிந்து பார்த்தேன். எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டி, குழாய் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. நான்கையும் மாற்ற வேண்டிய நேரம்.

காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நடத்துபவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாத்தா காலத்திலேயே நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சு கொஞ்சம், கைவேலை அதிகம். வண்டியின் நான்கு மூலையையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யாரு அண்ணே உட்கார்ந்து வருவாங்க?"

"நான்தான் பாய். பின்னால சாமான். வாரத்துல மூணு நாள் எங்க மாமா."

"சாமான் எவ்வளவு வெயிட்டு?"

நிஜமாகச் சொன்னால் என் சாமான் மொத்தமும் இரண்டு ஆள் கனம்தான் இருக்கும். "அது ஏத்துவோம் பாய், நிறைய" என்றேன். பாய் பின்னால் எட்டிப் பார்த்தார். ஓர் ஏணியும் இரண்டு வாளியும் கிடந்தன.

உயர்த்திய வண்டிக்குச் சாதாரண நீள ஷாக் ஒத்துவராது, சக்கரம் கீழே தொங்கும்போது அது எட்டாமல் இழுபட்டு அடிக்கும், அதனால் நீளமானதுதான் போட வேண்டும் என்று விளக்கினார். நீளத்தில் இரண்டு வகை அவரிடம் இருந்தது. ஒன்று மெலிந்த குழாய், சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமே இல்லை. மிருதுவாக அமுங்கும். மற்றொன்று தடித்த குழாய். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு தனிக் குப்பி ஒட்டியிருக்கும். டயருக்கு மேலே, வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும். பின்னால் பாரம் ஏற்றுகிற வண்டிக்கும் சேற்றில் ஓடுகிற வண்டிக்கும் செய்தது.

"உங்களுக்கு இது போதும்" என்று சாம்பல் நிறத்தைத் தட்டினார் பாய். என் கண் சிவப்பில் இருந்தது. நண்பர்கள் நால்வரில் மூவர் அதைத்தான் போட்டிருந்தார்கள். மிருதுவானதைப் போட்டவனைப் பொம்மை வண்டிக்காரன் என்று கேலி செய்தது எனக்கு நினைவிருந்தது. கேலி செய்ததில் நானும் ஒருவன்.

பாய்க்கு என் முகம் புரிந்துவிட்டது. அவருடைய சொந்த பிக்கப்பில் சிவப்புக் குப்பி இருந்தது. அவர் என்ஜின் ஏற்றி இறக்குகிறவர். போன வாரம்தான் இன்னொரு வாடிக்கையாளரின் வண்டிக்குச் சாம்பல் நிறத்தைப் போட்டிருந்தார். மூன்றும் ஒரே மாதிரி வண்டி. "சனிக்கிழமை வாங்க. அவருகிட்ட கேட்டு வைக்கிறேன். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மாமாவையும் கூட்டிட்டு வாங்க. அவருதானே பக்கத்துல உட்காருறவரு" என்றார்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து நேராகக் காக்கி புக்கிட்டுக்கு வந்தோம். களைத்துப் போயிருந்த மனிதரை வீட்டில் விட்டுவிட்டு வேறு நாள் அழைத்து வந்திருக்கலாம். எனக்கு அன்றைக்கே முடிவு தெரிய வேண்டும். பாய் ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். டயாலிசிஸ்காரர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். மாமா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மரியாதைக்குக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் சாம்பல் நிற வண்டி. நான் ஓட்டினேன், மாமா இடப்பக்கம், பாய் பின்இருக்கையில். தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் ஏறி ஏறித் தார் அலை அலையாய் இருந்தது. ஹம்புகளும் நிறைய. வண்டி ஒவ்வொன்றிலும் ஏறி, அமுங்கி, நின்றது. எனக்கு அது சப்பென்று இருந்தது. அடுத்தது பாயின் வண்டி. அதே சாலை, அதே ஹம்ப். ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங் வழியாக என் கைக்கு வந்தது. வண்டி இறுக்கமாக, சொன்ன பேச்சைக் கேட்டது. இதுதான் வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து இறங்கியதும் கேட்டேன். "மாமா, ரெண்டுல எது நல்லா இருக்கு?"

அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு மாப்பிள்ளை?"

"எனக்கு ரெண்டாவது."

"எனக்கும் அதான்."

இவ்வளவுதான் நடந்தது. ஒரு தராசில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே எடை கேட்ட மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு முதல் வண்டிதான் பிடித்திருக்கிறது. தெரிந்தும், நான் முந்திக்கொண்டு என் பதிலைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வேறு எதையும் சொல்ல மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

"மாமாகிட்ட வீட்டுக்குப் போயி இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்களேன் அண்ணே" என்றார் பாய்.

"அதான் கேட்டாச்சே பாய், அவரே சொல்லிட்டாரு." வீட்டிலும் அதையே சொன்னேன். மாமாவே தேர்ந்தெடுத்த ஷாக் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள்.

சிவப்புக் குப்பி பூட்டிய வண்டியை நண்பர்களுக்குப் படமெடுத்து அனுப்பினேன். பதிலுக்குப் பெருவிரல் உயர்த்திய படங்கள் வந்தன. செம்பவாங்கிலிருந்து பிடோக் வரை விரைவுச்சாலையில் பாலத்து இணைப்புகள் எத்தனை இருக்கின்றன என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றும் டக் டக் என்று அடித்தது. வேகமாகப் போனால் சரியாகிவிடும் என்று வேகமாகப் போனேன். மாமா முன்பைவிட நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, கைப்பிடியை விடாமல், வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "என்ன மாமா?" என்றால், "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, கால் மரத்துருச்சு" என்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள். "சென்டர்ல ஒரு வேன் இருக்காம். வீல்சேர் ஆளுங்களை ஏத்திட்டுப் போறது. நம்ம பக்கமும் வருதாம். அப்பா அதுலேயே போயிடுறேன்கிறாரு. உங்களுக்கு வேலை கெடுதுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பந்தியில் நான் சொன்ன சொல் என்னாவது? சித்தப்பாக்கள் என்ன நினைப்பார்கள்? எழுந்து அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கைக்குத் தைலம் படாமல் தோளுக்கு மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"என்ன மாமா, நம்ம வண்டி பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படி எல்லாம் இல்ல மாப்பிள்ளை. வண்டி அருமையான வண்டி."

"அப்புறம் எதுக்கு வேன்?"

அவர் போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி, என் எதிரிலேயே டயாலிசிஸ் நிலையத்துக்குப் பேசினார். "வேன் வேண்டாம்மா. என் மருமகன் கூட்டிட்டு வர்றாரு" என்று தமிழிலும், பிறகு அந்தப் பெண்ணுக்குப் புரியாததால் இங்கிலீஷிலும் சொன்னார். நான் வெற்றியோடு வெளியே வந்தேன். என்னுடைய அந்த நடையை நினைத்தால் இப்போதும் உடம்பு சுருங்குகிறது.

அடுத்த சனிக்கிழமை மனைவிக்கு லீவு. அப்பாவை அழைத்துக்கொண்டு அப்படியே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கறி வாங்கிக்கொண்டு வரலாம் என்று அவளும் கிளம்பினாள். பின்இருக்கையில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வழக்கம்போல மாமா கதவோரம் திரும்பினார். வழக்கம்போல நான், "பாரு, உங்கப்பா எப்படி வேடிக்கை பார்க்கிறாருன்னு" என்றேன். டயாலிசிஸ் முடிந்ததும் வாய் கசக்கும் என்று அவள் ஒரு மிட்டாயைப் பிரித்து, இருக்கைகளுக்கு நடுவே எட்டி, அவர் முகத்துக்கு அருகில் நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள். மிட்டாயை மறுபடி காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

மாமாவை உணவுக் கடைப் பக்கம் ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நின்றோம். முன்னால் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"அப்பா வேடிக்கை பார்க்கலைங்க" என்றாள்.

"என்ன?"

"கண்ணை இறுக்கி மூடிட்டு இருந்தாரு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு."

"தூங்கியிருப்பாரு."

"தூங்குற ஆளு கைப்பிடியை அப்படியா பிடிப்பாரு? விரல் எல்லாம் வெளுத்துப்போச்சு." அவள் குரல் உயரவில்லை. "அந்தப் பக்கம் உட்கார்ந்தா இடது கைதான் பிடிமானத்துக்கு. அந்தக் கையிலதான் ஊசி குத்துறாங்க. அதால எதையும் பிடிச்சுத் தொங்கக் கூடாது, இழுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. அதை வயித்தோட ஒட்டி வச்சுக்கிட்டு, வலது கையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பிடிக்கிறாரு. அதனாலதான் திரும்பி உட்காருறாரு. வெளிய பார்க்கிறதுக்கு இல்ல."

எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்தார். நான் நகரவில்லை. எத்தனை மாதம்? வாரம் மூன்று நாள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஒரு கையை அசைக்காமல் மறு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காட்சி நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

"நான் கேட்டேனே" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு இதுதான் வாயில் வந்தது. "எந்த ஷாக்குன்னு அவரைக் கேட்டுத்தானே போட்டேன். நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்ககிட்ட அவரு வேற என்ன சொல்லுவாரு?"

கறிக்கடைக்காரர் எலும்போடா, தனிக்கறியா என்று இரண்டு தடவை கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள். நான் மேசையில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ நாற்காலி கேட்க, தன் பக்கத்து நாற்காலியைத் தானே எழுந்து வலது கையால் நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பூ விற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டினேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "மெதுவா போறீங்க மாப்பிள்ளை, வண்டியில ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார். "இல்ல மாமா" என்றேன். மன்னிச்சுக்குங்க மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு சொல்லும் பிடோக் வரை வெளியே வரவில்லை. மனைவி பின்னால் இருக்கிறாள், அவள் எதிரில் எப்படி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் அவள் இல்லாத நேரமும் வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சாம்பல் நிற ஷாக் வேண்டும் என்றேன். உயரத்தையும் குறைத்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். பாய் ஏன் என்று கேட்கவில்லை. உயரம் குறைந்தால் நீளமானது வேண்டாம், சாதாரண நீளத்திலேயே மிருதுவானது போடலாம் என்று மட்டும் சொன்னார். வண்டியைத் தூக்கி, உயரத்துக்காக வைத்திருந்த கட்டைகளைக் கழற்றினார். உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் துண்டுகள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவராகவே சொன்னார்.

"அன்னைக்கு ரெண்டாவது வண்டியில பின்னால இருந்து பார்த்தேன் அண்ணே. மாமாவோட வலது கை குறுக்கே கதவுப் பக்கம் போனதை."

"சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல நான் என்ன சொல்றது? அவரே நல்லா இருக்குன்னுட்டாரு. நான் வேற சொன்னா அவரைப் பொய்யாக்குன மாதிரி ஆயிடும்லா." ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார். "எங்க வீட்லயும் ஒரு மாப்பிள்ளை இருக்காரு. எனக்குத் தெரியாதா?"

சிவப்புக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நண்பர்களுக்கு நான் படம் எதுவும் அனுப்பவில்லை. கேட்டால் லீக் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அங்கேயும் பொய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி பாயிடமே இருந்ததால் மாமா டாக்ஸியில் போயிருந்தார்; மதியம் செம்பவாங்கில் நான் காத்திருக்க வெளியே வந்தார். வண்டி தாழ்ந்திருந்ததால் என் கை இல்லாமலேயே ஏறினார். ஏறியவர் ஒரு நிமிடம் ஏதோ குறைகிற மாதிரி கீழே பார்த்தார். பிறகு பழக்கத்தில் கதவோரம் திரும்பி, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்தார். நான் பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தேன். கார் பார்க் வாசலில் முதல் ஹம்ப் வந்தது. அவர் தோள் இறுகுவது தெரிந்தது. வண்டி ஏறி, அமுங்கி, இறங்கியது.

"ஷாக் மாத்திட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

"எனக்காகவா? எதுக்கு? பழசே நல்லாத்தானே இருந்துச்சு."

இப்போது சொல்லியிருக்கலாம். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும்தான். "அது லீக் ஆயிடுச்சு மாமா" என்றேன். புதிது எப்படி இருக்கிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு என்பது இப்போது எனக்குத் தெரியும்.

இரண்டாவது சிக்னலில் நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன். கை கைப்பிடியிலிருந்து இறங்கி மடியில் கிடந்தது. தலை இருக்கையில் சாய்ந்து, வாய் இலேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். விரைவுச்சாலையில் பாலத்து இணைப்புகள் வந்தன, போயின. அவர் அசையவில்லை. டாக்ஸியில் தூங்கிய மனிதர் என் வண்டியில் தூங்கியது அதுதான் முதல் தடவை. அத்தனை மாதம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததன் அர்த்தம் வழி முழுக்க எனக்குப் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டு வந்தது.

எங்கள் அடுக்குமாடி புளோக் வந்தது. நிழலான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ஏர்கானை அணைக்காமல், எழுப்பாமல், அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை வரிசையாக வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் இருக்கும். பக்கத்தில் யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்த, மாமா திடுக்கிட்டு விழித்தார். புளோக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, கண்ணசந்துட்டேனா? எவ்வளவு நேரமா உங்களைக் காக்க வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை."

நான் அவருக்காக வரிசையாக வைத்திருந்த சொல்லை அவர் எடுத்து எனக்குச் சொல்லிவிட்டார்.

"பரவாயில்ல மாமா" என்றேன்.